மார்கழியில் தேறும், சித்திரையில் தேறாது

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. அதன்மேல் 2009-ல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் இப்படியொன்று இன்னும் பல வீடுகளில் இருக்கும். உள்ளே பென்டியம் டூயல் கோர் ஈ5200, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட்டிஸ்க். மின்கட்டணம் கட்ட, ரயில் டிக்கெட் எடுக்க, யாருக்காவது ஒரு கடிதம் தட்டச்சு செய்ய அது போதும். ஆனால் ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாலும் திரை முழுதாக விழித்திருக்காது.

வீட்டில் பொறியியல் படிக்கும் பையன் இருந்தால் ஒரு யோசனை வரும்: "ஓவர்க்ளாக் பண்ணிடலாம். செலவே இல்லை." பெரியவர் வேறொன்று சொல்வார்: "பிராசஸரை மாத்திடு." இருவரும் சேர்ந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், சர்வீஸ் கடைக்காரர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டும் அப்புறம். முதல்ல இந்தத் தூசியைப் பாருங்க" என்பார்.

மூவர் சொல்வதிலும் அறிவியல் இருக்கிறது. எது சரி என்பது, அதைச் செய்யப்போகும் ஊரையும் மாதத்தையும் பொறுத்தது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மதர்போர்டில் வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒரு குப்பி தெரியும். அதனுள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 1 கோடியே 43 லட்சம் முறை அதிர்கிறது. அந்த அதிர்வை வைத்துப் பக்கத்துச் சில்லு ஒன்று 200 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஈ5200 பிராசஸர் அதை 12.5 மடங்காக்கிக்கொள்கிறது. 200 பெருக்கல் 12.5 என்றால் 2,500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். பெட்டியின்மேல் எழுதியிருக்கும் எண் இப்படித்தான் வருகிறது.

பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டிவைத்திருக்கிறது. ஆனால் அடிப்படைத் துடிப்பை பயாஸில் போய் 200-லிருந்து 266-ஆக ஏற்ற, அந்தக் காலத்துப் போர்டுகள் பல இடம் கொடுத்தன. 266 பெருக்கல் 12.5 போட்டால் 3,325. காசு செலவழிக்காமல் 33 சதவீத வேகம். இதுதான் ஓவர்க்ளாக். கச்சேரியில் பாடகர் காலப்பிரமாணத்தைத் திடீரென்று கூட்டினால் மிருதங்கமும் வயலினும் கூடவே வந்தாகவேண்டும் அல்லவா? இங்கேயும் அடிப்படைத் துடிப்பைத் தொட்டால் ரேமும் சிப்செட்டும் சேர்ந்து ஓடவேண்டியிருக்கும். பிராசஸர் தயாராக இருந்து, பக்கவாத்தியம் திணறியதால் கவிழ்ந்த ஓவர்க்ளாக்குகள் ஏராளம்.

இந்தக் கலையில் புகழ்பெற்ற சில்லு 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ. விலை மலிவானது, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100-ஆக மாற்றினால் நேராக 450-க்குத் தாவும். பெரும்பாலான சில்லுகள் முணுமுணுக்காமல் தாவின. அப்போது பல மடங்கு விலைக்கு விற்ற பென்டியம் 2-க்குச் சமமாக ஓடியது. பட்ஜெட் சில்லை வாங்கி உயர்ந்த சில்லாக்குவது என்ற ஆசை உலகம் முழுக்கப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் அப்படி ஓடுகிறது? கம்பெனிக்காரன் ஏமாளியா?

இல்லை. ஒரே சிலிக்கான் வட்டில் வார்க்கப்படும் சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று வேகமாக ஓடும், இன்னொன்று சற்று மந்தம். எல்லாவற்றையும் சோதித்துத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்திலும் மிகவும் மந்தமானதுகூட எந்த நிலையிலும் தடுமாறாத வேகத்தைப் பெட்டியின்மேல் அச்சிடுகிறார்கள். "எந்த நிலையிலும்" என்றால் புழுக்கமான அறை, தூசி அடைத்த கூலர், ஏறி இறங்கும் மின்னழுத்தம், பல வருடத் தேய்மானம் எல்லாமும். அதற்காக விட்டுவைக்கும் இடைவெளியைத்தான் ஓவர்க்ளாக் செய்பவர் எடுத்துக்கொள்கிறார். குளிர்நாட்டில், ஏசி அறையில், புதிய பெட்டியில் அந்த இடைவெளி சும்மா கிடக்கிறது, எடுக்கலாம். திருச்சியில் 15 வயதைத் தாண்டிய பெட்டியில் அது ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. புழுக்கம், தூசி, மின்னழுத்தம், தேய்மானம் என்று மேலே சொன்ன நான்கும் மாடிப்படிக்குக் கீழே ஒன்றாகக் குடியிருக்கின்றன.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் நுண்ணிய மின்தேக்கிகள் நிரம்பி வடிகின்றன. அதற்குச் செலவாகும் மின்திறன் இரண்டைப் பொறுத்தது. ஒன்று அதிர்வெண், மற்றது மின்னழுத்தத்தின் இருமடி. வேகத்தைக் கூட்டும்போது அந்த மின்தேக்கிகள் சீக்கிரம் நிரம்பவேண்டும் என்பதால் மின்னழுத்தத்தையும் பெரும்பாலும் கூட்டவேண்டி வரும். வேகம் 33 சதவீதமும் அழுத்தம் 10 சதவீதமும் ஏறினால் 1.33 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1. விடை 1.6. வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற, வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஏறுகிறது. ஈ5200-இன் வெப்ப வரம்பு 65 வாட். முழுச்சுமையில் அதை அப்படியே தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஓவர்க்ளாக்குக்குப் பிறகு சுமார் 105 வாட்.

வாட் ஒன்றுக்கு 0.4 டிகிரி ஏறவிடும் ஒரு சாதாரணக் கூலரை எடுத்துக்கொள்வோம். 65 வாட்டுக்கு 26 டிகிரி ஏறும். 105 வாட்டுக்கு 42 டிகிரி. இது அறை வெப்பத்துக்கு மேல் ஏறுகிற அளவு என்பதுதான் விஷயம். அறை 22 டிகிரி, கேபினட்டுக்குள் 25 என்றால் முழுச்சுமையில் 51, ஓவர்க்ளாக்கில் 67. இந்தச் சில்லின் மேல்மூடிக்கு இன்டெல் வைத்த எல்லை சுமார் 74 டிகிரி. இரண்டும் தேறுகின்றன. இப்போது அதே பெட்டியைச் சித்திரை மாதத்துத் திருச்சிக்குக் கொண்டுவருவோம். வெளியே 40 டிகிரி தொடும், மின்விசிறி மட்டும் உள்ள அறையில் 38, கேபினட்டுக்குள் 43. கம்பெனி வேகத்தில் 69, தப்பித்தது. ஓவர்க்ளாக்கில் 85. எல்லையைத் தாண்டி 11 டிகிரி.

சில்லு சூடானால் மின்னணுக்கள் நகர்வது மந்தமாகிறது. கம்பிகளின் மின்தடையும் ஏறுகிறது. வேகத்தை விரட்டிவிட்ட நேரம் பார்த்து டிரான்சிஸ்டர் மெதுவாகிறது. ஒரு துடிப்புக்குள் முடியவேண்டிய கணக்கு முடியாமல் அடுத்த துடிப்பு வந்து நிற்கிறது. விளைவு நீலத்திரை என்றால் நல்லது, குறைந்தபட்சம் தெரிந்துவிடும். எங்கோ ஓர் இலக்கம் மட்டும் மாறி, கடைக் கணக்கிலோ ஆய்வேட்டிலோ ஓசையில்லாமல் உட்கார்ந்துகொள்வதுதான் ஆபத்து. அதனால்தான் ஓவர்க்ளாக் செய்பவர்கள், பெரிய பகா எண்களைத் தேடும் பிரைம்95 என்ற மென்பொருளை மணிக்கணக்கில் ஓடவிட்டு ஒரு தவறும் வராததை உறுதிசெய்கிறார்கள். அந்தச் சோதனையை மார்கழி விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்கும் நேரத்தில் நடத்தித் தேறிவிட்டேன் என்று சொன்னால் கணக்கில் சேராது. கத்திரி வெயிலில் பிற்பகல் 2 மணிக்கு நடத்தவேண்டும்.

சூட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. மெல்லிய உலோகக் கம்பியில் மின்னோட்டம் அடர்ந்து பாயும்போது, ஆற்று வெள்ளம் மணலை அரிப்பதுபோல, உலோக அணுக்களையே மெல்ல மெல்ல நகர்த்திவிடுகிறது. சூடு ஏற ஏற இந்த அரிப்பு வேகமெடுக்கும். 1960-களின் இறுதியில் மோட்டோரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் இதற்கு எழுதிய சமன்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சில்லு உடனே சாகாது, ஆயுள் குறையும். அதைவிடச் சீக்கிரம் போவது மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் பதப்படுத்திக் கொடுக்கும் பகுதி. மலிவு ஜி31 போர்டுகள் பலவற்றில் அந்தப் பகுதிக்கு ஹீட்சிங்க்கூடக் கிடையாது. அருகில் நிற்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். உப்பியிருந்தால் ஓவர்க்ளாக் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

கொதிகலன் செய்யும் ஊருக்கு வெப்பப் பாடம் புதிதல்ல. திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960-களிலிருந்து செய்துகொண்டிருப்பது, சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் வேலைதான். அங்கிருந்து சற்று தூரத்தில் துவாக்குடியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்ற மீக்கணினி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த அதன் திறன் 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். நம் ஈ5200 தம் கட்டி ஓடினால் நொடிக்கு 2,000 கோடிக் கணக்குகள் போடும். அப்படிப்பட்டவை சுமார் 42 ஆயிரம் சேர்ந்தால்தான் அந்த ஒன்றுக்கு ஈடு. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு வெறும் காற்று போதவில்லை. சில்லுகளின் தலைமேலேயே திரவத்தை ஓடவிட்டுச் சூட்டை எடுக்கிறார்கள். திருச்சியில் வேகம் வேண்டுமென்றால் முதலில் குளிர்ச்சிக்குச் செலவழிக்கவேண்டும். நல்ல கூலர் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு யோசித்தால், "செலவே இல்லை" என்ற வாதம் நிற்காது.

சரி, பெரியவர் சொன்னபடி பிராசஸரை மாற்றினால்?

இங்கே ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல உதாரணம் வாசலிலேயே நிற்கிறது. விஜயநகர காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன தெற்குக் கோபுரத்தைச் சுமார் 400 ஆண்டுகள் மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தார்கள். 1987-ல் 13 நிலைகளுடன் 236 அடி உயர ராஜகோபுரமாக அது நிறைவடைந்தது. மேலே எவ்வளவு எழுப்பலாம் என்பதைக் கீழே இருப்பது தாங்கவேண்டும். மதர்போர்டும் அப்படித்தான். சாக்கெட்டில் பொருந்துவது முதல் நிபந்தனை மட்டுமே. பயாஸ் அந்தச் சில்லை அடையாளம் காணவேண்டும், மின்பகுதி அதன் பசியைத் தாங்கவேண்டும், எஸ்எம்பிஎஸ் ஈடுகொடுக்கவேண்டும். போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் எந்தெந்தப் பிராசஸர், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்ற பட்டியல் பெரும்பாலும் கிடைக்கும். அதைப் பார்க்காமல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பஸ் ஏறுவது வீண்.

பட்டியலில் இடமிருந்தால் பலன் உண்டு. ஜி31 போர்டில் ஈ5200-ஐ எடுத்துவிட்டு, 2007-ல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600-ஐ வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதன் துடிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ், பழையதைவிட ஒரு பிடி குறைவு. ஆனால் கோர்கள் நான்கு. வீடியோ மாற்றும் வேலையை நால்வர் பங்கிட்டுக்கொண்டால் ஏறக்குறைய பாதி நேரத்தில் முடியும். ஒரே ஆள் செய்யவேண்டிய வேலையில் ஒரு துளி முன்னேற்றமும் தெரியாது. வெப்ப வரம்பும் 95 வாட்டுக்குக் குறையாது. ஆகவே கூலர் பிரச்சினை பின்வாசல் வழியாக மறுபடி வந்துவிடுகிறது. சர்வர்களிலிருந்து கழித்த ஸியான் சில்லின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, சாக்கெட்டின் இரண்டு பிளாஸ்டிக் முனைகளைச் சீவி, 775 சாக்கெட் உள்ள இந்த ரகப் போர்டில் உட்காரவைக்கும் வித்தையும் உண்டு. ஓடும்தான். வேடிக்கைக்குச் செய்பவர் செய்யட்டும். வருமானவரி தாக்கல் செய்யும் பெட்டியில் வேண்டாம்.

அடுத்த தலைமுறைக்கு வந்தால் தீர்ப்பு இன்னும் சுலபம். 2011 சாண்டி பிரிட்ஜிலிருந்து இன்டெல் அடிப்படைத் துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸில் வைத்து, மற்ற இணைப்புகளையும் அதோடு கட்டிப்போட்டுவிட்டது. சில சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஏதாவதொன்று மக்கர் செய்யும். பெருக்கும் எண்ணைத் தொடும் உரிமை விலை கூடிய 'கே' வரிசைக்கும் அதற்கேற்ற போர்டுக்கும் மட்டும். நம் ஊரில் அதிகம் விற்ற எச்61 பட்ஜெட் போர்டில் ஓவர்க்ளாக் என்ற வாய்ப்பே இல்லை. ஆனால் அதே போர்டில் இரண்டு கோர் பென்டியம் ஜி2030-ஐ எடுத்துவிட்டு நான்கு கோர் ஐ5-3470-ஐப் பழைய விலைக்கு வாங்கி வைத்தால், 55 வாட்டிலிருந்து 77 வாட்டுக்கு மட்டும் ஏறி, இரு மடங்கு ஆள்பலம் கிடைக்கும். பிராசஸர் மாற்றம் சரியான முடிவாக அமையும் இடம் இதுதான்.

இவ்வளவும் பிராசஸர்தான் குற்றவாளி என்று வைத்துக்கொண்டு பேசியது. அது உண்மையா என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் பிராசஸர் 20 சதவீதமும் டிஸ்க் 100 சதவீதமும் காட்டினால், பழியை யார்மேல் போட்டோம் என்று வெட்கப்படவேண்டியிருக்கும்.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட்டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேடும் தகவல் முள்ளுக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று, 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். முள் சரியான தடத்துக்கு நகர இன்னொரு 9 மில்லிநொடி. மொத்தம் 13. நமக்கு அது கண் இமைப்பதைவிடக் குறைவு. 2.5 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கோ அது 3 கோடியே 25 லட்சம் துடிப்புகள். கேட்டது வரும்வரை அதற்கு வேலையில்லை. இதை 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்க்ளாக் செய்தால் என்ன ஆகும்? 4 கோடியே 30 லட்சம் துடிப்புகள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆன் செய்து 120 நொடியில் 100 நொடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பது என்றால், மிச்சம் 20 நொடிதான் ஓவர்க்ளாக்கின் கைக்கு எட்டும். அது 15 ஆகும். 120 நொடி 115 ஆகும். மொத்த வேலையில் எந்தப் பகுதியை வேகப்படுத்துகிறோமோ, பலன் அந்தப் பகுதியின் அளவைத் தாண்டாது என்று 1967-ல் ஜீன் ஆம்டால் வாதிட்டது இதைத்தான்.

சுழலும் தகடே இல்லாத எஸ்எஸ்டியில் அந்த 13 மில்லிநொடி 0.1-க்குச் சுருங்கிவிடுகிறது. ஜி31 போர்டின் பழைய சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியின் முழு வேகத்தையும் விடாது என்பது உண்மை; ஆனால் காத்திருப்பு குறைவதற்கு அது தடையில்லை. அடுத்தது ரேம். ஜி31 அதிகபட்சம் 4 ஜிபி ஏற்கும், அதை நிரப்பிவிடலாம். ரேம் போதாமல் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தும்போதுதான் 'ஹேங்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் நடக்கிறது.

இந்தக் கதை மேசைக் கணினியோடு முடியவில்லை. 2011 தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா, அவ்வாண்டு செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசின் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்து அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து அத்தை மகளுக்கு என்று கைமாறி அவற்றில் பல இன்னும் உழைக்கின்றன. அந்த ரகப் பட்ஜெட் மடிக்கணினியின் பயாஸில் ஓவர்க்ளாக் என்ற வார்த்தையே இருக்காது. பிராசஸரும் பலவற்றில் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டு வழியும் அடைப்பு. ஆனால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைக்க இடம் பெரும்பாலும் இருக்கும்; சிலவற்றில் காலியான ரேம் இடமும் இருக்கும்.

ஓவர்க்ளாக்கால் முடியாத ஒன்று இன்னும் பாக்கி. வேகத்தைக் கூட்டலாம், சில்லுக்குத் தெரியாத கட்டளையைக் கற்றுக்கொடுக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, 'பாப்கவுண்ட்' என்ற கட்டளை இல்லாத பிராசஸரில் தொடங்கவே தொடங்காது. ஈ5200-இல் அது இல்லை, க்யூ6600-இலும் இல்லை. 4 கிகாஹெர்ட்ஸுக்கு விரட்டினாலும் வராது. அப்படிப்பட்ட பெட்டிக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றுதான் கௌரவமான வழி. அரசு மடிக்கணினிகளின் தொடக்கத் தொகுதிகளில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அன்று அதைத் திறந்துபார்த்தவர்கள் குறைவு.

ஆக, கடைக்காரர் சொன்னதுதான் முதல் வேலை. கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் கால் திருப்பு திருப்பி மெதுவாக மேலே இழுக்கவேண்டும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். சில்லின் தலையில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் நாமக்கட்டிபோல் உதிரும். கூலருக்கும் சில்லுக்கும் நடுவே சூட்டைக் கடத்தவேண்டிய பசை அது. காய்ந்து விரிசல் விட்டால் இடையில் காற்று புகுந்துவிடுகிறது. காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி.

பங்குனி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பெயிண்ட் பிரஷ் ஒன்று, கொஞ்சம் ஸ்பிரிட், பஞ்சு, ஒரு ட்யூப் பேஸ்ட் போதும். தூசி தட்டும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டு, சில்லின் நடுவில் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள்.